கையெழுத்து வைத்தவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் கிணற்று நீரைப் பாதுகாக்கக் கோரி இயங்கும் சிறிய அமைப்பொன்றின் செயலாளராக நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற ஆண்டு சந்திகளிலும் சந்தைகளிலும் நின்று ஏறத்தாழ மூவாயிரம் பேரிடம் கையெழுத்துப் பெற்று மகஜர் கையளித்தோம். முகநூலிலும் நிறையப் பேர் எங்களைப் பின்தொடர்கிறார்கள். ஆனால் போன மாதம் மாலை ஐந்தரைக்குச் சனசமூக நிலையத்தில் நடத்திய பொதுக்கூட்டத்துக்குப் பதினேழு பேர்தான் வந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் நிர்வாக சபையினர். எல்லா வேலையையும் அதே ஐந்து பேர்தான் இழுத்துக்கொண்டு போகிறோம். எங்கள் சனத்துக்கு உண்மையிலேயே அக்கறை இல்லையா? முகநூலில் காசு கட்டி விளம்பரம் செய்யலாமா? வெளிநாட்டில் இருப்பவர்களிடம் உதவி கேட்கலாமா? களைத்துப் போய்விட்டேன். பொறுப்பை விட்டு விலகிவிடலாமோ என்றும் யோசிக்கிறேன். மகஜரின் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து இத்துடன் இணைத்துள்ளேன். — செயலாளர் ஒருவர், வலிகாமம்.

பதில்: அன்புள்ள செயலாளருக்கு, நீங்கள் அனுப்பிய அந்த ஒற்றைப் பக்கத்தையே முதலில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வரிகள், பெயர், முகவரி, ஒப்பம் என்று மூன்று நிரல்கள். முகவரி நிரலில் முதலாமவர் ஊர்ப் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். அதன் கீழே இருபத்து நான்கு பேரும் ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று இறங்கிக்கொண்டு போகிறார்கள். தொலைபேசி இலக்கத்துக்கு நிரலே இல்லை. பதினாறாவது வரியில் ஒப்பமிட்டவர் மட்டும் விளிம்பில், இடமில்லாத இடத்தில், பொடி எழுத்தில் ‘எங்கட கிணத்தில மணம் வருது’ என்று எழுதியிருக்கிறார். அவரிடம் யாராவது போனார்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. போகவில்லை என்றே நினைக்கிறேன்; போவதற்கு அவருடைய முகவரியும் ‘மேற்படி’தான்.

எனவே, சனத்துக்கு அக்கறை இல்லையா என்ற கேள்வியை நான் ஏற்கமாட்டேன். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத, சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மாரி மழையை நம்பியே குடித்துக் குளித்துத் தோட்டம் செய்து வந்த ஒரு குடாநாட்டில், கிணற்றைப் பற்றி அக்கறையில்லாத வீடு எது? அந்த மூவாயிரம் பேரும் நீங்கள் கேட்டதை, கேட்ட இடத்திலேயே, சந்தைப் பையைக் கீழே வைத்துவிட்டுச் செய்தவர்கள். அதன்பின் பல மாதங்கள் அவர்களிடம் நீங்கள் எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவுமில்லை. பிறகு திடீரென்று ஒருநாள் மண்டபத்தில் வந்து உட்காருங்கள் என்று அழைத்தீர்கள். கையெழுத்து அரை நிமிட வேலை. கூட்டம் ஒரு பின்னேரத்தை முழுதாகத் தின்கிற வேலை. இரண்டுக்கும் நடுவே ஏறி வருவதற்கு ஒரு படியும் நீங்கள் கட்டவில்லை.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு வந்தது என் சொந்தப் பிழையால்தான். பல ஆண்டுகளுக்கு முன், மாரியில் வெள்ளம் நின்று ஒரு கிராமமே பாதையில்லாமல் தவித்தபோது, மதகு ஒன்றைப் பெரிதாக்கித் தரும்படி வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கினோம். இரண்டு வருடங்களுக்குள் மதகு கட்டப்பட்டது. நாங்கள் மகிழ்ந்தோம், எங்களுக்குள் தேநீர் குடித்தோம், அடுத்த பிரச்சினைக்குப் போய்விட்டோம். பின்னொரு நாள் கோயில் தண்ணீர்ப் பந்தலில் ஒரு வயோதிப அம்மா என்னை மறித்து, “தம்பி, அண்டைக்குக் கையெழுத்து வாங்கின கடதாசிக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார். மதகு கட்டியாயிற்றே அம்மா என்றேன். “அது ஆரோ அரசியல்காரர் கட்டினதெண்டெல்லோ சொன்னவை” என்றார். வென்ற போராட்டத்தில் தமக்குப் பங்கு இருந்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கிராமத்தில் எங்களுக்கு யாரும் கதவு திறக்கவில்லை என்றால் குற்றம் யாருடையது?

ஆதரவாளர்களை வளர்ப்பது பற்றி வெளியார் வந்து நடத்தும் பயிற்சிப் பட்டறைகளில் பெரிய பெரிய சொற்களைக் கேட்டிருப்பீர்கள். அவற்றையெல்லாம் விட நமது கோயில் நிர்வாகங்கள் இந்தத் தொழிலைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கின்றன. மகோற்சவத்தின் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருக்கிறார். மூன்றாம் திருவிழா இன்னார் குடும்பத்தினுடையது என்றால், அந்தக் குடும்பத்தில் ஒருவர் ரொறன்ரோவில் இருந்தாலும், அந்த நாளை அவர் மறப்பதில்லை. பூவுக்கும் சாத்துப்படிக்கும் மேளத்துக்கும் அவரே பொறுப்பு. குறைந்தால் அவருக்கே மானக்கேடு. பொதுவாகத் ‘திருவிழாவுக்கு உதவுங்கள்’ என்று மட்டும் கேட்டிருந்தால், பெரிய கோயில்களின் நீண்ட திருவிழாக்கள் இத்தனை காலம் நின்றிருக்குமா? ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு துண்டு, அதற்கொரு திகதி, அதைச் செய்து முடித்ததற்குப் பலர் அறிய ஒரு காளாஞ்சி மரியாதை. இந்த மூன்றும் உங்கள் அமைப்பில் இல்லை.

நீங்கள் நீரைப் பற்றிப் பேசுபவர்கள் என்பதால், உங்களிடம் பிரித்துக் கொடுக்கத்தக்க வேலை தாராளமாக உண்டு. உதாரணத்துக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நைலோன் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, நுனியில் ஒரு பாரத்தைக் கட்டி, ஒழுங்கைக்கு ஒரு வீட்டாரிடம் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் பௌர்ணமிப் போயா தினத்தன்று, அன்று எப்படியும் விடுமுறை என்பதால், காலையில் மோட்டார் போடுவதற்கு முன், கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை முடிச்சு என்று அளந்து, ஒரு கொப்பியில் குறித்து, உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பட்டும். ஐந்து நிமிடங்கூட ஆகாது. பத்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம், ஓய்வுபெற்ற தபாலதிபரும் செய்யலாம். ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்துவிட்டால், எந்த ஒழுங்கையில் நீர் எவ்வளவு இறங்குகிறது என்பது உங்கள் கையில் இருக்கும். அதைவிட முக்கியமாக, இன்று ‘நீங்கள் நடத்தும் போராட்டம்’ என்று பேசுகிறவர்கள் அப்போது ‘எங்கட கணக்கு’ என்று பேசத் தொடங்கியிருப்பார்கள்.

அடுத்த படி நைத்திரேற்று: பசளையிலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் கரைந்து வரும், அளவு மிஞ்சினால் கைக்குழந்தைகளுக்குத் தீங்கான உப்பு. செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போடும் பசளையும், நெருங்கிய வளவுகளின் மலசலகூடக் குழிகளும் நம் கிணறுகளில் என்ன செய்கின்றன என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர். நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். பால்மா கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் ஒரு தாய்க்கு இந்த ஒரு செய்தி, உங்கள் துண்டுப்பிரசுரத்தின் மற்ற எல்லாப் பந்திகளையும் விடப் பெறுமதியானது. ஆனால் உங்கள் துண்டுப்பிரசுரத்தில் இது கடைசிப் பக்கத்தின் அடியில் கிடக்கிறதா, அல்லது இல்லவே இல்லையா என்று ஒருமுறை பாருங்கள். நிறமாறும் சோதனைப் பட்டிகளால் கிணறுகளை மேலோட்டமாகப் பார்த்து, எல்லையை அண்டியவற்றை மட்டும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் செலவும் கட்டுக்குள் நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒருவருடைய கிணற்றின் முடிவு அவருடையது. காணி விற்க இருப்பவரும், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவரும் அது ஊருக்குத் தெரிவதை விரும்பமாட்டார்கள். முடிவை முதலில் வீட்டாரிடம் நேரில் சொல்லுங்கள். வெளியிடும்போது ஒழுங்கை அல்லது வட்டார அளவில் மட்டும் வெளியிடுங்கள். தொலைபேசி இலக்கம் வாங்கும்போதும் எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லி வாங்குங்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, அனுமதியில்லாமல் வட்ஸ்அப் குழுவொன்றில் சேர்க்கப்பட்டவர் அடையும் எரிச்சலுக்குச் சட்டம் தேவையில்லை.

மகஜர் கையளித்தபின் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பதில் வரவில்லை என்று ஊகிக்கிறேன். அப்படியானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், மகஜரின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, உங்கள் பகுதியில் கடைசியாக எப்போது எந்தக் கிணறுகள் பரிசோதிக்கப்பட்டன என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. இலங்கைப் பிரசை எவரும் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கோரிக்கையைச் செயலாளராகிய நீங்கள் எழுதாதீர்கள். கொப்பியில் அளந்து குறிக்கும் அந்த வீட்டார்களில் ஐவர், ஆளுக்கொரு கேள்வியாக, தத்தம் பெயரில் எழுதட்டும். அவர்கள் நாள் எண்ணுவார்கள். பதில் வந்ததா என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். வராவிட்டால் கோபிப்பார்கள், மேன்முறையீடு எழுதுவார்கள். தான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வராதபோது ஒருவருக்கு வரும் கோபத்தை எந்தச் சுவரொட்டியாலும் உண்டாக்க முடியாது.

மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கலந்த கிணறுகளுக்காகச் சுன்னாகத்தில் மக்கள் கொதித்தெழுந்த நாட்களை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். 2015இல் உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற அந்த வழக்கில், இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பு வந்தது 2019 ஏப்ரலில். இடையில் நான்கு ஆண்டுகள். கவனயீர்ப்புப் போராட்டத்தில் பதாகை பிடிப்பது ஒருநாள் வேலை. நீர் தொடர்பான எந்தக் கோரிக்கையும் ஒருநாளில் தீர்வதில்லை. அந்த நான்கு ஆண்டுகளைப் போன்ற நீண்ட இடைவெளியில் ஆதரவாளர் என்ன செய்துகொண்டிருப்பார் என்பதற்கு உங்களிடம் விடை இருந்தால்தான், தீர்ப்பு வரும் நாளில் அதைத் தன் வெற்றியாகக் கொண்டாடவும், நடைமுறைப்படுத்துகிறார்களா என்று கண்காணிக்கவும் ஆள் இருக்கும்.

இனி, உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. உங்கள் கையெழுத்துப் பக்கங்களின் பிரதிகளை, இருந்தால், ஒழுங்கை ஒழுங்கையாகப் பிரித்து அடுக்குங்கள். எந்தக் குறிச்சியிலிருந்து ஒரு கையெழுத்தும் இல்லை என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கிணறு வெறும் கிணறாக ஒருபோதும் இருந்ததில்லை. யார் அள்ளலாம், யார் எட்டி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கட்டிலேயே எழுதியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாகப் புறப்பட்டவர்களும், 1968இல் ஆலய நுழைவு கோரி மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றவர்களும் எதற்காக அடிபட்டார்கள் என்பதை அறிந்த வீடுகள் இன்றும் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கின்றன. தண்ணீரைப் பற்றிப் பேச வரும் ஓர் அமைப்பின் நிர்வாக சபையில் தங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை என்றால், அவர்கள் அதைக் கவனிப்பார்கள். வாய் திறந்து சொல்லமாட்டார்கள், கூட்டத்துக்கு வரவும்மாட்டார்கள். கயிற்றை முதலில் அந்தக் குறிச்சிக்குக் கொண்டுபோங்கள்.

தோட்டக்காரரைப் பற்றியும் அப்படியே. பசளை போடுபவர் அவர்; ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிப்பவரும் அவரே. உங்கள் சுவரொட்டியில் அவர் குற்றவாளியாக நின்றால், பட்டியலில் ஆதரவாளராக நிற்கமாட்டார். இதைப் பற்றி மேலும் எழுதலாம், ஆனால் உங்கள் நிர்வாக சபையில் இரண்டு தோட்டக்காரர் சேர்ந்தால் அவர்களே உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

பொதுக்கூட்டத்தைச் சில காலம் மறந்துவிடுங்கள். மாலை ஐந்தரைக்குச் சனசமூக நிலையத்தில் என்றால், கிணற்றோடு நாள் முழுதும் சீவிக்கும் பெண்கள் அடுப்படியை விட்டு வரமுடியாத நேரத்தில் ஆண்களுக்காகக் கூட்டம் வைக்கிறீர்கள் என்று பொருள். கலிபோர்னியாவில் 1950களில் பிரெட் றொஸ் என்ற அமைப்பாளர் ஒரு வீட்டின் முன்னறையில் அயலவர் சிலரைக் கூட்டி வைத்துப் பேசும் முறையை வளர்த்தெடுத்தார். அவரிடம் அதைக் கற்ற சீசர் சாவேஸ் பின்னாளில் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தை அந்த வழியாகவே கட்டினார். நமக்கு இது புதிதல்ல. மூன்று மணித் தேநீருக்குத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடுவது இங்கு எப்போதும் உள்ளதுதான். நீங்கள் செய்ய வேண்டியது, அங்கே போய்ப் பேசாமல் கேட்பதும், எழும்பும்போது ஒவ்வொருவரும் எந்தத் துண்டு வேலையை எடுத்தார் என்று கொப்பியில் குறித்து, இரண்டு நாட்களுக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பதுமே. அந்த அழைப்பை எடுக்காவிட்டால் திண்ணைக் கூட்டமும் கையெழுத்துப் பக்கம் போலவே ஆகிவிடும்.

முகநூல் விளம்பரத்துக்கு இப்போது ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். வருபவர்களுக்குக் கொடுக்க வேலையில்லாத நிலையில் மேலும் ஆயிரம் பேரைக் கூட்டிவருவது, ஓட்டை வாளியால் இன்னும் வேகமாக அள்ளுவதுதான். வட்ஸ்அப்பில் இரண்டு குழுக்கள் போதும்: நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய அறிவித்தல் குழு ஒன்று, கயிறு வைத்திருப்பவர்கள் மட்டும் பேசும் குழு ஒன்று. ‘காலை வணக்கம்’ ரோசாப்பூக்களை முதல் நாளிலேயே தடை செய்யுங்கள். அது கடுமையாகத் தோன்றும். செய்யாவிட்டால் மூன்றாம் வாரம் எல்லோரும் ஒலியை நிறுத்திவிடுவார்கள், நீர்மட்டச் செய்தியும் அதோடு போய்விடும்.

வெளிநாட்டு உறவுகளிடம் கேட்கலாம், ஆனால் இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் உள்ளூரில் மாதச் சந்தா ஒன்றை வையுங்கள். ஐம்பது ரூபாயானாலும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள். சாவேஸ் 1962இல் தொடங்கிய சங்கம், வறிய பண்ணைத் தொழிலாளரிடமும் மாதம் மூன்றரை டொலர் சந்தா வாங்கியது. பணம் கொடுத்தவர் சங்கத்தில் கேள்வி கேட்பார் என்பதை அவர் அறிந்திருந்தார். இங்கே யாழ்ப்பாணத்திலும், 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் வைத்திருந்த வாசிகசாலையைப் பொது நூலகமாக்க விரும்பியபோது ஊராரிடம் நூலும் பணமும் வேண்டி அறிக்கை விட்டார். அடுத்த ஆண்டே ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் அது திறக்கப்பட்டது. உள்ளூரில் சந்தா நிலைத்தபின், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களிடம் ‘போராட்டத்துக்கு நிதி’ என்று கேட்காமல், அவர் பிறந்த ஒழுங்கையின் கிணறுகளுக்கு ஒரு வருட ஆய்வுகூடச் செலவை உபயமாகக் கேளுங்கள். முடிவு வந்ததும் அந்த ஒழுங்கையின் கணக்கை அவருக்கே அனுப்புங்கள். பழைய மாணவர் சங்கங்கள் இப்படித்தான் கட்டடம் கட்டுகின்றன. தீர்மானம் எடுக்கும் உரிமை மட்டும் பணத்தோடு கப்பலேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலகுவதைப் பற்றி: நான்கு ஆண்டுகள் போதும், விலகலாம். ஆனால் எல்லா இலக்கங்களும் உங்கள் தொலைபேசியிலும், எல்லா நினைவுகளும் உங்கள் தலையிலும் இருக்கும்போது விலகினால், அமைப்பும் உங்களோடு வீட்டுக்கு வந்துவிடும். ஆறு மாதம் எடுங்கள். நூறு பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, ஒழுங்கைக்கு ஒரு பக்கமாக, யார் கயிறு வைத்திருக்கிறார், யார் சந்தா தருகிறார், யார் எதைச் செய்யமுடியாது என்று சொன்னார், யாரிடம் கடைசியாக எப்போது பேசினோம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நிர்வாக சபைக்கு வெளியே ஒருவரைப் பொறுப்பாக்கிவிட்டுக் கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் பக்கத்தில் அந்தப் பதினாறாம் வரிக்காரரின் பெயர் இருக்கட்டும். பெயர் தெளிவாக விளங்குகிறது, ஊரும் தெரியும், கிராம அலுவலரிடமோ சந்திக் கடையிலோ விசாரித்தால் வீட்டைக் காட்டுவார்கள். போகும்போது ஒரு வெறும் போத்தலும் எடுத்துச் செல்லுங்கள்.